லயமும் லாயமும்

பணி ஓய்வு விழாக்களில் ஆற்றப்படும் ஏற்புரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. நன்றி நவிலல், பழைய நினைவுகள், மாணவர்க்கு அறிவுரை, இறுதியில் எஞ்சிய நாள்களை எவ்வாறு கழிக்கப் போகின்றேன் என்னும் அறிவிப்பு. அண்மையில் நான் கலந்துகொண்ட ஒரு விழாவில் அந்த இறுதிப் பகுதி மட்டும் அச்சு மாறி வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராகவும் தலைமையாசிரியராகவும் தொண்டாற்றிய நண்பர் ஒருவர், நகரத்து வீட்டை விற்றுவிட்டு நாட்டுப்புறத்தில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கியிருப்பதாகவும், பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட இரண்டு குதிரைகளோடு அங்குக் குடியேறப் போவதாகவும் கூறினார். "நானும் ஓய்வு பெறுகின்றேன், அவையும் ஓய்வு பெறுகின்றன" என்று அவர் சொன்னபோது மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. நானும் தட்டினேன். தட்டிய கை வீட்டுக்கு வந்தபின் உறுத்தியது. அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை.

நண்பர் ஒருவரைத் தனியே பிடித்துக் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அவர் வாய்விட்டுச் சொன்னதை நம்மில் நூறுபேர் மனத்துக்குள் வைத்திருக்கின்றனர். நெரிசலும் புகையும் நிறைந்த நகரத்தை உதறிவிட்டு, ஓடையும் புல்வெளியும் உள்ள ஓரிடத்துக்குப் போக வேண்டும்; அங்கு ஒரு குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு மாலைக் கதிரவனைக் காண வேண்டும். இவ்வாசையில் தவறென்ன என்று கேட்பீர்கள். ஆசையில் தவறில்லை. அவ்வாசை மூன்று பொய்களின் மேல் நிற்கின்றது என்பதே என் வழக்கு. குதிரை ஓர் அணிகலன் என்பது முதற்பொய். அதைப் பேணுகின்றவன் பெயரில்லாதவன் என்பது இரண்டாம் பொய். நாட்டுப்புறம் ஆளில்லாத வெற்றிடம் என்பது மூன்றாம் பொய். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

குதிரை என்னும் உயிர்

தமிழர் குதிரையை அறியாதவரல்லர். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர், அப்பொருளைக் கோயிற் பணிக்குச் செலவிட்ட கதையை நம் மாணவர் அனைவரும் படித்திருக்கின்றனர். ஆனால், அறிதல் வேறு, பேணத் தெரிதல் வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்ன எழுதிவைத்தார்? ஆண்டுதோறும் அரபுக் கடற்கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகப்பல மடிந்துவிடுவதையும் எழுதினார். குதிரை வைத்தியம் அறிந்தவர் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டினர் என்றும் குறித்தார். பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். உண்மை இல்லாமற் போகாது. பொன்னைக் கொட்டி வாங்கினோம். பேணத் தெரியாமற் கொன்றோம். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே பிழையை ஓய்வூதியப் பணத்தில் செய்யப் போகின்றோமா?

கணக்குப் பார்ப்போம். பந்தயக் குதிரை ஒன்றின் எடை ஏறத்தாழ 500 கிலோ. நாள்தோறும் அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்தீவனம் வேண்டும். அதாவது 10 கிலோ. இரண்டு குதிரைகளுக்கு ஆண்டுக்கு 7 டன்னுக்கு மேல் ஆகின்றது. ஒவ்வொன்றும் நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை நீர் அருந்தும். நம் வெயிலில் அதற்கு மேலும் அருந்தும். ஒவ்வொன்றும் நாளுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் இடும். அதை அள்ளுவது யார்? ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். செதுக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் இருக்கின்றாரா?

"ஏழு ஏக்கரில் புல்லுக்கா பஞ்சம்?" என்பர். புல் இருக்கின்றது, எந்தப் புல் என்பதே கேள்வி. வெப்ப நாடுகளில் மாட்டுத் தீவனமாகப் பயிரிடப்படும் செட்டேரியா போன்ற சில புல்வகைகளில் ஆக்சலேட்டு மிகுதி. மாட்டைப் பெரிதும் வருத்தாத அப்புல், தொடர்ந்து தின்னும் குதிரைக்குச் சுண்ணச்சத்துக் கிட்டாமல் தடுத்துவிடும். உடல் தன் எலும்பையே கரைத்து அக்குறையை ஈடுகட்டும், முகவெலும்பு வீங்கும், கால் நொண்டும். குதிரை மாட்டைப்போல் அசைபோடும் விலங்கன்று. அதற்கு வாந்தி எடுக்கவும் இயலாது. ஒவ்வாத தீவனத்தால் வயிற்றுவலி கண்டால், சில மணி நேரத்துக்குள் மருத்துவர் வந்தாக வேண்டும். குதிரை மருத்துவம் பயின்ற கால்நடை மருத்துவர் சிற்றூர்தோறும் கிடைப்பாரல்லர்.

இன்னும் கேளுங்கள். குளிர்நாட்டில் பிறந்து இங்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகள் சிலவற்றுக்கு, நம் வெப்பத்திலும் புழுக்கத்திலும் வியர்வையே வற்றிப்போகும் நோய் உண்டு. வியர்க்காத குதிரை உள்ளுக்குள் வேகும். 2020ஆம் ஆண்டில் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரைநோய் பரவியபோது நூற்றுக்கணக்கான குதிரைகள் மடிந்தன. அந்நோயைப் பரப்பியது கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிறு கடிபூச்சி. அதே ஆண்டில் நம் நாட்டிலும் அந்நோய் கண்டறியப்பட்டது. நாட்டுப்புறத்துத் தூய காற்றில் பூச்சியும் பறக்கும் என்பதை எந்தக் கவிஞரும் நமக்குப் பாடித் தரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது வயதுக் கணக்கு. பந்தயத்திலிருந்து விலக்கப்படும் குதிரைக்குப் பெரும்பாலும் பத்து வயதுகூட நிரம்பியிராது. நன்கு பேணினால் அது 25 வயதுக்கு மேலும் வாழும். அறுபதாம் வயதில் ஓய்வு பெறும் ஒருவர் எட்டு வயதுக் குதிரையை ஏற்றால், அக்குதிரை 25 வயதை எட்டும்போது அவருக்கு அகவை 77. அன்று தண்ணீர் வாளியைத் தூக்கப்போகும் கை எது? அவருக்கு உடல்நலம் குன்றி நகரத்து மருத்துவமனைக்கு அருகில் குடிவர நேர்ந்தால், குதிரைகள் எங்குப் போகும்? "நானும் ஓய்வு பெறுகின்றேன், அவையும் ஓய்வு பெறுகின்றன" என்னும் தொடர் செவிக்கு இனிது. மனிதனின் ஓய்வுக்கு ஓய்வூதியம் உண்டு. குதிரையின் ஓய்வுக்கு மனிதனின் உழைப்பே ஊதியம்.

பேணுவோன் என்னும் மனிதன்

இவ்விடத்தில் விடை ஆயத்தமாக வரும்: "ஆள் வைத்துக்கொள்வேன்." நண்பரும் அதையே சொன்னார். யார் அந்த ஆள், எந்த ஊர், என்ன கூலி, எங்கே தங்குவார் என்று கேட்டேன். "இப்பொழுது அயல்நாட்டுத் தொழிலாளர் எளிதாகக் கிடைக்கின்றனரே" என்றார். அவ்வளவுதான். குதிரைகளின் வயது, நிறம், தாய் தந்தை வழி, ஓடிய பந்தயங்கள் அனைத்தையும் ஒப்பித்த அவருக்கு, அவற்றின் சாணம் அள்ளப்போகும் மனிதனைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு தொடரே இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, இத்தொடரை நாம் இதற்குமுன் எங்கோ கேட்டிருக்கின்றோம். "தமிழ்நாட்டிலிருந்து ஆள்கள் எளிதாகக் கிடைக்கின்றனர்" என்று கணக்கெழுதியவர்கள்தாம் நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றினர். தொடக்க நாள்களில் குதிரை மீது அமர்ந்து தோட்டத்தைச் சுற்றிவந்த துரைமாரும் இருந்தனர். அவர்களின் குதிரைக்குப் பெயர் இருந்தது. கீழே நின்றவனுக்கு எண் இருந்தது. இன்று நாம் ஏறி அமர ஆசைப்படுவது குதிரையின் மீதா, அந்தத் துரையின் இடத்தின் மீதா? கசப்பான கேள்விதான். கேட்காமல் விடுவது அதனினும் கசப்பு.

நிலம் என்னும் நினைவு

விழா முடிந்தபின் நண்பர் நிலத்தின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "ஆளில்லாத இடம், அமைதியோ அமைதி" என்றார். ஓடையின் வளைவைக் கண்டதும் எனக்கு இடம் விளங்கிவிட்டது. நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அது. அந்த ஓடை எங்கள் தோட்டத்தின் வழியாகவும் ஓடியது. அதில்தான் என் தாயார் எங்கள் இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டினார். பால்மரம் வெட்டி வந்த கூலி அரிசிக்கும் பருப்புக்கும் சென்றது. பால் விற்ற காசுதான் என்னை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பியது. தோட்டம் கைமாறியபோது லயம் இடிக்கப்பட்டது. எங்களுக்கு நகர்ப்புற அடுக்ககத்தில் நான்காம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. நான்காம் மாடிக்கு மாடு ஏறாது. கேட்ட விலைக்கு விற்றோம். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு என் தாயார் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்றும் பேசியதில்லை.

அந்த நிலம் ஆளில்லாத இடமா? ஆளில்லாமல் ஆக்கப்பட்ட இடம். இவ்விரு சொற்றொடர்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கின்றது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஐரோப்பியர் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கியபோது துண்டாடல் என்னும் புயல் வீசிற்று. அதைத் தடுக்கவே 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மரம் வெட்டுகின்றவனே நிலத்துக்கு உடையவனாக வேண்டும் என்னும் துணிவு அது. அவ்வழியில் பிழைத்த தோட்டங்கள் சில. ஏனையவை செம்பனைக் காடாயின, வீடமைப்புத் திட்டங்களாயின, கோல்ப் திடல்களாயின. மக்கள் நகரத்து விளிம்புகளில் வந்து ஒதுங்கினர். அவர்கள் விட்டுச்சென்ற முனியாண்டி கோயிலும் கைவிடப்பட்ட கிணறும் இன்று வரைபடத்தில் இல்லை.

லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு துணைக்கால்தான் வேறுபாடு என்று இலக்கண ஆசிரியர் கூறுவார். லயம் இருந்த மண்ணில் லாயம் எழுகின்றது. மாடு வைத்திருந்தவன் இடமின்றி வெளியேறிய மண்ணில், குதிரை வைத்திருப்பவன் இயற்கையைத் தேடிக் குடியேறுகின்றான். இவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் நம் கைதட்டல் எவ்வளவு நேரம் நீடிக்கும்?

இன்னொன்றையும் மறக்கலாகாது. அக்குதிரைகளும் விரும்பி நாட்டுப்புறம் ஏகவில்லை. சிங்கப்பூரில் 1843இல் முதற்பந்தயம் நடந்த இடம், இன்று நம்மவர் கடைவீதியாகத் திகழும் சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க். ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் அங்கே எஞ்சியிருக்கின்றது. நகரம் வளர்ந்தது, 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. மேலும் வளர்ந்தது, 1999இல் கிராஞ்சிக்குப் பெயர்ந்தது. அத்திடலும் மூடப்படும் என்னும் அறிவிப்பு 2023 ஜூன் 5ஆம் நாள் வந்தபோது அங்கு ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் ஓடிற்று. ஏறத்தாழ 120 ஹெக்டர் நிலம் வீடமைப்புக்கும் பிற தேவைகளுக்கும் அரசிடம் திரும்ப வேண்டும் என்பது முடிவு. கோலாலம்பூரிலோ, அம்பாங் சாலையில் இருந்த பந்தயத் திடல் சுங்கை பீசிக்குப் பெயர்க்கப்பட்டது. பழைய திடலில் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. நிலத்தின் விலை ஏறும்போதெல்லாம் குதிரை விளிம்புக்குத் தள்ளப்பட்டது. தோட்டத் தமிழனைத் தள்ளியதும் அதே நிலவிலைதான். தள்ளப்பட்ட குதிரையின் மேல் இரக்கம் கொள்ளும் நெஞ்சுக்குத் தள்ளப்பட்ட மனிதன் நினைவுக்கு வராமற் போவதேன்?

தடைகளும் விடைகளும்

"அப்படியானால், பந்தயம் முடிந்த குதிரைகள் சாகட்டும் என்கின்றீரா?" என்பது என் மீது எய்யப்படும் முதல் அம்பு. கூர்மையான அம்புதான். ஓடும் வரை காசு பார்த்துவிட்டு, ஓடாதபோது கைவிடும் கொடுமைக்கு நான் வாழ்த்துப் பாடவில்லை. ஒரு குதிரையை ஏற்று அதன் இறுதிநாள் வரை காப்பவர் அறம் செய்கின்றார். ஆனால், அறம் என்று பெயர் சூட்டிவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்னும் மயக்கத்தைத்தான் மறுக்கின்றேன். பேணத் தெரியாதவரிடம் சேரும் குதிரைக்குப் பந்தயத் திடலினும் கொடிய இடம் அந்தப் புல்வெளி. குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது பழமொழி. இங்கே குழி பறிப்பது குதிரையன்று.

"தமிழன் வசதியாக வாழ்ந்தால் உமக்குப் பொறுக்காதா? தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவன் பிள்ளை அதே மண்ணை விலைக்கு வாங்குவது வெற்றியன்றோ?" என்பது இரண்டாம் அம்பு. இதற்கு நான் சற்றுத் தயங்கியே விடை சொல்கின்றேன். என் நெஞ்சின் ஒரு பாதி அந்தக் கட்சியில் நிற்கின்றது. மண்ணை மீட்பது வெற்றிதான். மீட்டவன் அந்த மண்ணின் வரலாற்றையும் சேர்த்து மீட்டானா என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் உள்ளன. கிணற்றையும் கோயிலையும் அறியாமல் வேலி கட்டுகின்றவன், துரையின் வாரிசாக வருகின்றானேயன்றித் தோட்டக்காரனின் வாரிசாக வரவில்லை.

நம் பங்கு

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் குற்றத்தை மறைப்பது முறையாகாது. "நகர வாழ்க்கையா? நாட்டுப்புற வாழ்க்கையா?" என்று எத்தனை ஆண்டுகள் மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருக்கின்றேன்! சலசலக்கும் ஓடை, பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற புல்வெளி, கள்ளங்கபடமற்ற மக்கள் என்று எழுதியவனுக்கு அதிகப் புள்ளி இட்டிருக்கின்றேன். ஒருமுறை ஒரு மாணவன், தோட்டத்தில் தன் வீட்டுக்கு நான்கு நாள்களாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுதினான். "தலைப்பை ஒட்டி எழுதுக" என்று சிவப்பு மையால் குறித்தேன். அவன்தான் தலைப்பை ஒட்டி எழுதினான் என்பது எனக்கு விளங்க இருபது ஆண்டுகள் ஆயின. என் நண்பரும் அத்தகைய கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வளர்ந்தவர். ஓவியமாகத் தீட்டப்பட்ட நாட்டுப்புறத்தில் ஓவியக் குதிரையைக் கட்டிவைக்க அவர் விரும்பியதில் வியப்பென்ன? அந்த ஓவியத்தைத் தீட்டித் தந்தவர்கள் நாம்.

நம் ஊர்களின் எல்லையில் ஐயனாருக்குக் குதிரை உண்டு. அது சுட்ட மண்ணால் ஆனது. புல் கேட்பதில்லை, நோய் கொள்வதில்லை, சாணம் இடுவதில்லை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று முன்னோர் எச்சரித்தனர். நாமோ மண்குதிரையைப் பற்றி எழுதிய கட்டுரைகளை நம்பி உயிர்க்குதிரையை வாங்குகின்றோம்.

ஆகவே, குதிரையோடு நாட்டுப்புறம் பெயர விரும்புவோர்க்கு என் வேண்டுகோள் இதுதான். போகாதீர் என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் ஓராண்டு ஒரு லாயத்தில் விடியற்காலையில் சென்று சாணம் அள்ளுங்கள். அள்ளியபின்னும் ஆசை நிலைத்தால், உங்களுக்குப்பின் குதிரையை ஏற்கப்போகின்றவர் யார் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஆள் வைப்பீராயின், அவர் பெயரைக் குதிரையின் பெயருக்கு முன் சொல்லப் பழகுங்கள். நீங்கள் தங்க ஒப்பாத அறையில் அவரைத் தங்க வைக்காதீர்கள். வாங்கும் நிலத்தில் முன்பு வாழ்ந்தவர் யாவர், எங்குச் சென்றனர், எந்தக் கோயிலை வணங்கினர் என்று கேட்டறியுங்கள். பக்கத்தில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி மாணவரின்றி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால், அதன் வாயிலில் போய் நில்லுங்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்த நாவுக்கு அங்கு வேலை உண்டு. குதிரையைக் காட்டியே ஒரு குழந்தைக்குப் பத்துச் சொற்கள் கற்பிக்கலாமே! சேணம், கடிவாளம், லாடம், குளம்பு, பிடரி, கொள்ளு என்று தொடங்கினால் குழந்தை விடுமா?

மாணவமணிகளே, உங்களுக்கும் ஒன்று. நாட்டுப்புறத்தைப் பற்றி நாளை உங்களை எழுதச் சொன்னால், ஓடையைப் பற்றி எழுதுங்கள். அதில் யார் எதைக் குளிப்பாட்டினார் என்பதையும் எழுதுங்கள். புள்ளி குறைந்தால் ஆசிரியரிடம் இக்கட்டுரையைக் காட்டுங்கள்.

நண்பருக்கு இதன் முதற்படியை அனுப்பினேன். சினம் கொள்வார் என்று அஞ்சினேன். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். குதிரைகளைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார். பிறகு, "அந்தக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போய்த் தேடவிருக்கின்றோம்.